தலையாய பிரச்னை

தீபாவளி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி பத்தரை மணிக்கு, திருச்சி விமான நிலையத்துக்குக் கிழக்கே ஒரு பொட்டலில் நான் விமானத்தோடு விழுந்தேன். உயிர்ச்சேதம் இல்லை. பொருட்சேதம், கீபோர்டு மேல் கொட்டிய அரை டம்ளர் காபி.

"விழுந்தாச்சா? அப்ப லைட்டை அணைச்சுட்டு வாங்க" என்றாள் மனைவி, அடுத்த அறையிலிருந்து. ஒரு விமான விபத்துக்கு இதைவிடக் குறைந்த அனுதாபம் உலகத்தில் எங்கும் கிடைத்திருக்காது.

பயப்படாதீர்கள். நான் பைலட் இல்லை, பி.காம். நங்கநல்லூர் வாடகை வீட்டின் பின் அறையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜாய்ஸ்டிக். அவ்வளவுதான் என் ஏர்லைன்ஸ். மைக்ரோசாஃப்ட் 1982-ல் முதல் ஃப்ளைட் சிமுலேட்டரை விற்றபோது திரையில் மிக எளிய படங்கள்தான் தெரியும். 2020-ல் வந்த பதிப்பில் சாட்டிலைட் படங்களை வைத்து மொத்த உலகத்தையும் விரித்து வைத்துவிட்டார்கள். மீனம்பாக்கத்தில் ஏறினால் நம் தெரு தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கலாம்.

சின்ன வயதில் பைலட் ஆக வேண்டும் என்று ஆசை. பிளஸ் ஒன் சேரும்போது அப்பா, "காமர்ஸ் எடுடா, பாங்க்ல ஃபேனுக்கு அடியில உட்காரலாம்" என்றார். எடுத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க பிளஸ் டூவில் பிசிக்ஸும் மேத்ஸும் படித்திருக்க வேண்டுமாம். 'கமர்ஷியல்' என்று பெயரை வைத்துவிட்டு காமர்ஸ் படித்தவனைச் சேர்க்க மாட்டேன் என்றால் என்ன சார் நியாயம்? (பாங்க் ஃபேனுக்கு அடியிலும் உட்காரவில்லை. அது வேறு வாரத்துக்கான கதை.)

சரி, ஏன் விழுந்தேன்?

விமானத்தை இறக்குவதற்கு முன்னால் ரன்வேயை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு, அதற்கு இணையாக, எதிர்த் திசையில் பறக்க வேண்டும். ரன்வேயின் நுனி நம் இடது தோளுக்குப் பின்னால் 45 டிகிரி வாக்கில் வரும்போது இடது பக்கம் திரும்ப வேண்டும். கொஞ்ச தூரம் போய் இன்னொரு தடவை இடது பக்கம். இப்போது ரன்வே மூக்குக்கு நேரே. நிஜ விமானிகள் இந்த இடத்தில் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். நம்மால் முடியாது. தலையைத் திருப்பினால் எனக்குத் தெரிவது பீரோ.

ஜாய்ஸ்டிக்கின் உச்சந்தலையில் இதற்கென்று ஒரு குட்டிக் குமிழ் உண்டு. கட்டை விரலால் தள்ளினால் காட்சி சடக்கென்று இடது பக்கம் போகும், விட்டால் முன்னால் வரும். அன்றைக்கு நான் குமிழைத் தள்ளி ரன்வேயைத் தேடினேன். நான் ஓட்டியது செஸ்னா 172. அதற்கு இறக்கை தலைக்கு மேலே. இடது பக்கம் சாய்ந்தால் இடது இறக்கை இறங்கி ரன்வேயை மறைக்கும். தேடிக்கொண்டே இருந்ததில் முன்னால் என்ன நடக்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. வேகம் குறைந்தது, மூக்கு தூக்கியது, காபி கொட்டியது. நிஜ உலகத்திலும் அந்தக் கடைசித் திருப்பம் பல உயிர்களை வாங்கியிருக்கிறது.

இந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்ததுதான் ஹெட் டிராக்கிங்.

விஷயம் சிம்பிள். ஒரு கேமரா உங்கள் தலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நீங்கள் தலையை 20 டிகிரி திருப்பினால் திரைக்குள் காட்சி 100 டிகிரி திரும்பும். தலை திரும்பினாலும் கண் திரையை விட்டு நகராது, அதுதான் இதில் இருக்கும் சாமர்த்தியம். முன்னால் சாய்ந்தால் மீட்டர் பெரிதாகத் தெரியும். தலையைத் தாழ்த்தினால் இறக்கைக்கு அடியில் எட்டிப் பார்க்கலாம். திரும்புவது, குனிவது, சாய்ப்பது, பக்கவாட்டில், மேலும் கீழும், முன்னும் பின்னும் நகர்வது என்று மொத்தம் ஆறு அசைவுகள். பரதநாட்டியம் ஆடுபவர்களுக்கு இது சுலபமாக வரும்.

மறுநாள் காலை, இட்லிக்கு நடுவில், மனைவியிடம் பட்ஜெட் சமர்ப்பித்தேன். அவள் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்குள்ளேயே ஆடிட்டை வைத்துக்கொண்டு வாழ்வது எப்படி என்று கல்யாணமான பி.காம்.காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

"எவ்வளவு?"

"அமெரிக்காவுல 150 டாலர் வாக்கில். கப்பல் கூலி, கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்தா இருபதாயிரத்தைத் தொடும்னு வச்சுக்கோ."

"இதுல வருமானம் உண்டா?"

"இல்லை."

"தேய்மானம்?"

"கழுத்துக்கு மட்டும்."

கழுத்து என்றதும் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா இருமினார். அப்பா ஸ்ரீரங்கத்திலிருந்து எங்களோடு இருக்க வந்ததே கழுத்துக்காகத்தான். தேய்மானம். இடது பக்கம் பத்து டிகிரி திரும்பினால் அதிகம். முப்பது வருஷம் ஸ்கூட்டர் ஓட்டியவர், பின்னால் வருவதைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை என்று போன வருஷம் வண்டியை விற்றுவிட்டார். விற்ற அன்றைக்கு யாரோடும் பேசவில்லை.

"முதல்ல காசு இல்லாம என்ன வழி இருக்குன்னு பாருங்க. அப்புறம் பேசலாம்" என்று ஆடிட்டர் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அப்போது கோபம் வந்தது. இப்போது சொல்கிறேன், இந்தக் கட்டுரையில் இருக்கும் ஒரே உருப்படியான ஆலோசனை அவள் சொன்னதுதான்.

காசில்லாத வழி இருக்கிறது. ஓப்பன்ட்ராக் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர். சாதாரண வெப்கேமராவில் உங்கள் முகத்தைப் பார்த்தே தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்டுபிடித்துவிடும். ஆபீஸ் மீட்டிங்குக்காக வாங்கிய கேமரா போதும். மீட்டிங்கில் தலையாட்ட மட்டும் பயன்பட்ட சாதனத்துக்கு ஒரு நல்ல உத்தியோகம்.

முதல் நாள் காட்சி முழுக்க நடுங்கியது. காரணம் வெளிச்சம். வெளிச்சம் குறைந்தால் வெப்கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். நொடிக்கு 30 படம் எடுக்க வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும். மேஜை விளக்கை முகத்துக்கு நேரே திருப்பி வைத்தேன், நடுக்கம் பெருமளவு அடங்கியது. சாஃப்ட்வேரிலும் நடுக்கத்தை வடிகட்ட வசதி உண்டு. அதிகமாக வடிகட்டினால் ஒரு தொல்லை, தலை திரும்பிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் காட்சி கிளம்பும். அரசாங்க ஆபீஸில் மனு கொடுத்த மாதிரி இருக்கும்.

இந்த நேரத்தில்தான் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர், "என்கிட்ட டிராக்ஐஆர் சும்மாதான் கிடக்கு, ஒரு வாரம் வச்சுக்க" என்றார். டிராக்ஐஆர் 5 அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்துக் கம்பெனி ஒன்று 2009-ல் கொண்டுவந்தது. மானிட்டர் மேல் உட்காரும் கேமரா அகச்சிவப்புக் கதிரை அனுப்பும். நம் தொப்பியின் விளிம்பில் மாட்டிய கிளிப்பில் மூன்று பளபளப் புள்ளிகள். கேமரா அந்த மூன்றையும் பார்த்தே தலையின் கணக்கைப் போட்டுவிடும். நொடிக்கு 120 படம். வெப்கேமராவில் படத்துக்குப் படம் 33 மில்லி செகண்ட் என்றால் இதில் எட்டுதான். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது.

அன்று ராத்திரி தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவி கதவருகே வந்து நின்றாள்.

"ராத்திரி பத்து மணிக்கு எந்த வெயிலுக்குத் தொப்பி?"

அவள் பக்கம் திரும்பி பதில் சொன்னேன். அந்த நேரம் விமானத்துக்குள் என் பார்வை வால் பக்கம் போய்விட்டது. அதனால்தான் 'பாஸ்' பட்டன் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். டிராக்ஐஆரில் எஃப்9. பக்கத்திலேயே எஃப்12, காட்சியை மறுபடி நேராக்க. கல்யாணமானவர்கள் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது எஃப்9.

ஒரு வாரம் முடிந்ததும் நண்பர் கண்ணும் கருத்துமாக வந்து கருவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். 'சும்மாதான் கிடக்கு' என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

அடுத்தது, கைத்தொழில். 2007-ல் அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்து மாணவர் ஜானி லீ ஒரு வீடியோ போட்டார். வீ என்கிற விளையாட்டுக் கருவியின் ரிமோட்டுக்குள் ஒரு அகச்சிவப்புக் கேமரா இருக்கிறது. அதை டி.வி.க்கு அடியில் வைத்துவிட்டு, அகச்சிவப்பு எல்.இ.டி.க்களைத் தன் தலையில் மாட்டிக்கொண்டார். அவர் தலையை நகர்த்த நகர்த்த திரைக்குள் இருந்த பொருட்கள் ஜன்னலுக்கு வெளியே இருப்பது மாதிரி நகர்ந்தன. அதிலிருந்து வீட்டிலேயே செய்கிறவர்கள் உலகம் முழுக்கப் பெருகிவிட்டார்கள்.

நானும் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். மூன்று அகச்சிவப்பு எல்.இ.டி., ஒரு ரெசிஸ்டர், பழைய யு.எஸ்.பி. ஒயர். ரெசிஸ்டர் இல்லாமல் கொடுத்தால் எல்.இ.டி. கருகிவிடும். மூன்றையும் ஹெட்ஃபோனின் பக்கத்தில் ஒரு சட்டத்தில் மாட்டினேன். பழைய வெப்கேமரா ஒன்றைத் திறந்து, லென்ஸுக்குப் பின்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் சின்னக் கண்ணாடியை எடுத்துவிட்டேன். (கேரண்டி அதோடு சரி. புது கேமராவில் கை வைக்காதீர்கள்.) இப்போது சாதாரண வெளிச்சத்தைத் தடுக்க ஒரு வடிகட்டி வேண்டும். அதற்கு என்ன தெரியுமா? ஃப்ளாப்பி! உள்ளே இருக்கும் கறுப்புத் தகட்டைக் கத்தரித்து லென்ஸ் முன்னால் வைத்தால் நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் நின்றுவிடும், அகச்சிவப்பு உள்ளே போகும். டாலி கிளாஸில் வாங்கிய ஃப்ளாப்பி பரணில் இருந்தது. அதில் நான் போட்ட டிரயல் பாலன்ஸ் அன்றைக்கும் டாலியாகவில்லை, கடைசியில் வேறு விதத்தில் பயன்பட்டது.

நன்றாகத்தான் வேலை செய்தது, கார்த்திகை தீபம் வரைக்கும்.

அன்றைக்கு மனைவி எனக்குப் பின்னால் ஜன்னல் விளிம்பில் வரிசையாக ஆறு அகல் ஏற்றி வைத்தாள். நான் பறந்துகொண்டிருந்தேன். திடீரென்று காட்சி உச்சி வானத்துக்கும் காலடிக்கும் குதிக்க ஆரம்பித்தது. நெருப்பிலிருந்தும் அகச்சிவப்பு வருமே! கேமரா என் மூன்று எல்.இ.டி.யோடு ஆறு அகலையும் சேர்த்து எனக்கு ஒன்பது தலை என்று முடிவு பண்ணிவிட்டது. ஒன்று குறைந்த ராவணன். ஜன்னல் வழியே வரும் மாலை வெயிலும் இதே வேலையைச் செய்யும். வெப்கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும், அகச்சிவப்புக்கு வெளிச்சம் ஆகாது. வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஜன்னல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். வாஸ்துவுக்காக இல்லை.

மிச்சம் இரண்டு. ஸ்வீடன் நாட்டு டோபி கம்பெனியின் ஐ டிராக்கர் 5. மானிட்டருக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும், தலையோடு கண் போகும் இடத்தையும் பார்க்கும். தலையில் எதுவும் மாட்ட வேண்டாம். டிராக்ஐஆரைவிட விலை அதிகம். 27 அங்குலத்துக்கு மேற்பட்ட சாதாரண மானிட்டருக்கு ஒத்துவராது. கடைசியாக வி.ஆர். ஹெட்செட். நண்பர் வீட்டில் மாட்டிப் பார்த்தேன். உள்ளே போனதும் 'அம்மாடி!' என்று வாய் திறந்துவிட்டது. நிஜமாகவே காக்பிட்டில் உட்கார்ந்த மாதிரி, கை நீட்டினால் கண்ணாடி தட்டும் என்று தோன்றும். ஆனால் அரைக் கிலோ எடை முகத்தில் தொங்கும். கீபோர்டு தெரியாது, காபி தெரியாது, பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதும் தெரியாது. (கடைசி ஆபத்து பெரிது.) சிலருக்கு வயிற்றைப் புரட்டும். இன்னொரு விஷயம். வி.ஆரில் பின்னால் பார்க்க வேண்டுமானால் நிஜமாகவே பின்னால் திரும்ப வேண்டும். 90 டிகிரிக்கு 90 டிகிரி. தள்ளுபடி கிடையாது.

அங்கேதான் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

ஓப்பன்ட்ராக்கில் 'மேப்பிங்' என்று ஒரு பக்கம். அதில் ஒரு கிராஃப். கீழ் அச்சில் உங்கள் தலை எத்தனை டிகிரி, பக்க அச்சில் காட்சி எத்தனை டிகிரி. நடுவில் கோட்டைத் தட்டையாக வைத்தால் சின்ன ஆட்டத்துக்குக் காட்சி அசையாது. ஓரத்தில் செங்குத்தாக ஏற்றினால் கொஞ்சம் திரும்பினாலே நிறையப் பார்க்கலாம். எகனாமிக்ஸில் டிமாண்ட் கர்வ் போட்டவனுக்கு இது ஜுஜுபி. கேமராவுக்கு எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் இந்தக் கோட்டை உங்கள் கழுத்துக்கு ஏற்ற மாதிரி போடாவிட்டால் பிரயோஜனமில்லை. இலவச வெப்கேமராவிலும் கோடு சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பிசியோதெரபிஸ்டிடம் கேட்டேன். "வெடுக்குனு திருப்பாம, பத்து நிமிஷம்னா பரவாயில்லை" என்றார். பத்து டிகிரி தலைக்கு 130 டிகிரி காட்சி என்று கோட்டை ஏற்றினேன். பழைய வெப்கேமரா கண்ணை இழந்துவிட்டதால் மீட்டிங் கேமராவை மாட்டினேன். தலையில் எதுவும் மாட்ட வேண்டாமே! மேஜை விளக்கைப் போட்டு அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"எனக்கு எதுக்குடா இதெல்லாம்?"

"சும்மா உட்காருங்கப்பா. ஓட்டுறது நான். பார்க்கிறது நீங்க."

ஜாய்ஸ்டிக்கை என் மடியில் வைத்துக்கொண்டேன். திருச்சியில் ஏறி வடக்கே திரும்பினோம். அப்பா நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேசா இடது பக்கம் திரும்புங்க. லேசா."

திரும்பினார். காட்சி நழுவிக்கொண்டு போய், இறக்கைக்குக் கீழே மலைக்கோட்டை வந்தது. அப்பா டக்கென்று தலையை நேராக்கிக்கொண்டார், ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி. மறுபடி மெதுவாகத் திரும்பினார். காவிரி ஒரு பக்கம், கொள்ளிடம் ஒரு பக்கம், நடுவில் ஸ்ரீரங்கம்.

"டேய், நம்ம பாலம்டா! முப்பது வருஷம் ஸ்கூட்டர்ல போயிருக்கேன்... மேலேர்ந்து பார்த்ததே இல்லை."

பாலம் பின்னால் போகப் போக அப்பாவும் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். நிஜத்தில் அவர் தலை பத்து டிகிரிகூட நகரவில்லை.

திரும்பி வந்து, ரன்வேக்குத் தெற்கே, கிழக்கு நோக்கிப் பறந்தோம். நான் விழுந்த அதே வழி.

"அப்பா, ரன்வே நுனி இடது தோளுக்குப் பின்னாடி வரும். வந்ததும் சொல்லுங்க."

"இரு... இரு... இன்னும் இல்லை... இப்போ! திருப்பு!"

திருப்பினேன். இறக்கை ரன்வேயை மறைத்தது. "குனிஞ்சு பாருங்க" என்றேன். குனிந்தார். "இருக்கு, இருக்கு. மெதுவா வா." இன்னொரு திருப்பம். ரன்வே மூக்குக்கு நேரே. இறங்கும்போது இரண்டு தடவை எம்பிக் குதித்தது, விழவில்லை.

மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, காபி?" என்றாள். எனக்கு முன்னால் கேட்கவில்லை, கவனித்தீர்களா?

இருபதாயிரம் பட்ஜெட் அதோடு வாபஸ். அந்தப் பணத்தில் பாதி பிசியோதெரபிக்குப் போயிற்று. என்றைக்காவது டிராக்ஐஆர் வாங்குவேன், 120 படத்தின் வழவழப்பை மறக்க முடியவில்லை. ஆனால் நீங்கள் என்னைக் கேட்டால் ஒரு மாதம் வெப்கேமராவில் ஓட்டிப் பாருங்கள். ஒரு மாதம் கழித்தும் ராத்திரி பத்து மணிக்கு நாற்காலி உங்களை இழுத்தால் அப்போது செலவு பண்ணுங்கள். இழுக்காவிட்டால் நஷ்டம் பூஜ்யம். வீட்டு ஆடிட்டரிடம் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

அப்பா இப்போதெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கே மேஜை விளக்கைப் போட்டுவிட்டு, "எப்படா கிளம்புறோம்?" என்கிறார். எனக்கு ராத்திரி ஷிஃப்ட்தான் கிடைக்கிறது.

நேற்று இறங்கி முடித்ததும் கேமராவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, இது ஸ்கூட்டர்ல வைக்கிற மாதிரி வராதா?"